சொல்லாமல் அணையும் மேசைக் கணினி: கோளாற்றைச் சுவரிலிருந்து தேடத் தொடங்குங்கள்

கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதோ, மின்கட்டணம் செலுத்தும் பக்கத்தில் கடவுச்சொல்லை இட்டுக்கொண்டிருக்கும்போதோ, மேசைக் கணினி சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடுகிறது. மறுபடி பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடவாததுபோல் எழுந்துகொள்கிறது. அரை மணி நேரம் கழித்து மீண்டும் அணைகிறது. அதைக் கடைக்குத் தூக்கிச் சென்றால் அங்கே நாள் முழுவதும் ஒழுங்காக ஓடுவதும், வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மாலையே பழையபடி அணைவதும் பலர் பட்ட அனுபவம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை, கணினியும் ஏமாற்றவில்லை. கோளாறு வீட்டு பிளக் பாயிண்ட்டிலோ, பழைய யுபிஎஸ்ஸிலோ, காற்றே புகாத கணினி மேசையிலோ இருந்தால் அது கடைக்கு எப்படிப் போகும்? ஆகவே இந்தக் கோளாற்றின் பாதியைக் கண்டறியக் கூடியவர் கணினியின் சொந்தக்காரர்தான். அதற்கு மின்னணுவியல் படித்திருக்க வேண்டியதில்லை. எதையும் கழற்றுவதற்கு முன் கவனிப்பது, கவனிப்பதைச் சுவரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக உள்ளே போவது, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது ஆகிய மூன்று பழக்கங்கள் போதும்.

பெயர்களில் குழப்பம் வராமலிருக்க ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் பெட்டி முழுவதையுமே ‘சிபியு’ என்று சொல்லும் வழக்கம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் பெட்டியைக் கேபினெட் என்றும், உள்ளே மின்விசிறிக்கு அடியில் இருக்கும் சிப்பைப் புராசஸர் என்றும், வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தரும் இரும்புப் பெட்டியை எஸ்எம்பிஎஸ் என்றும் குறிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம்

கணினி ஒவ்வொரு முறை அணையும்போதும் நேரம், ஆன் செய்து எத்தனை நிமிடம் ஆயிற்று, அப்போது என்ன வேலை நடந்துகொண்டிருந்தது, வீட்டில் வேறு எந்த மின்கருவி ஓடியது ஆகியவற்றை எழுதி வையுங்கள். ஐந்தாறு பதிவுகள் சேர்ந்தாலே ஓர் ஒழுங்கு கண்ணுக்குப் படத் தொடங்கும்.

அதைவிட முக்கியமானது, எப்படி அணைகிறது என்பது. திரை மட்டும் கறுத்து, கேபினெட்டின் விசிறிச் சத்தம் தொடர்கிறதென்றால் கணினி அணையவே இல்லை; மானிட்டர், அதன் கேபிள் அல்லது திரைக்குப் படம் அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு பக்கம்தான் தேட வேண்டும். ‘ஷட்டிங் டவுன்’ என்ற எழுத்து தோன்றி முறையாக அணைகிறதென்றால் ஏதோ ஒரு நிரலோ, விண்டோஸ் அப்டேட்டோ, மின்சேமிப்பு அமைப்போ அதற்கு ஆணையிட்டிருக்கிறது. பிழைச் செய்தியோடு வரும் நீலத்திரை ஒரு நொடி மின்னித் தானே மறுபடி துவங்கினால் ரேம் (தற்காலிக நினைவகம்), டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), ஹார்டு டிஸ்க் முதலியவற்றைச் சந்தேகிக்கலாம். விளக்கை அணைத்ததுபோல் விசிறி, திரை, எல்லாமே ஒரே நொடியில் நின்றால் அது மின்சாரம் அல்லது வெப்பம் சார்ந்த கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இக்கட்டுரை பெரும்பாலும் இந்தக் கடைசி வகையைப் பற்றியது.

அணைந்த அந்த நொடியில் இன்னொன்றையும் பாருங்கள். கணினி அணைந்திருந்தாலும் சுவரில் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் ஒரு சிறு 5 வோல்ட் மின்சாரத்தை மதர்போர்டுக்கு, அதாவது பாகங்களெல்லாம் பொருந்தியிருக்கும் முதன்மைப் பலகைக்கு, கொடுத்துக்கொண்டே இருக்கும். மதர்போர்டின் மேல் எரியும் சிறு விளக்கும், சில கணினிகளில் அணைந்த பிறகும் மவுசின் அடியில் தெரியும் சிவப்பு வெளிச்சமும் அதனால்தான். கணினி அணைந்த பிறகும் அந்த விளக்கு எரிந்தால் சுவரிலிருந்து கரண்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது; உள்ளே ஏதோ ஒரு பாதுகாப்பு அமைப்போ ஆணையோ கணினியை நிறுத்தியிருக்கிறது. விளக்கும் சேர்ந்து அணைந்தால் கரண்ட் வரும் பாதையே அறுந்திருக்கிறது என்றோ, எஸ்எம்பிஎஸ் ஓய்ந்துவிட்டது என்றோ பொருள். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் எழாமல், பவர் கார்டைப் பிடுங்கி அரை நிமிடம் கழித்துச் செருகினால் மட்டும் எழுகிறதா? அப்படியானால் எஸ்எம்பிஎஸ்ஸின் பாதுகாப்புச் சுற்று தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கிறது. இந்த ஒரு கவனிப்பு பல மணி நேர வேலையை மிச்சப்படுத்தும்.

நோட்டில் எழுதத் தொடங்கும் அன்றே முக்கியமான கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ நகல் எடுத்துவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது எந்த வட்டுக்கும் நல்லதல்ல. அடுத்து வரும் சோதனைகளில் சிலவற்றில் நாமே கணினியை அணைய வைக்கப் போகிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

விண்டோஸ் எழுதி வைத்திருக்கும் குறிப்பு

ஸ்டார்ட் மெனுவில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, இடப்பக்கம் ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதற்குள் ‘சிஸ்டம்’ என்பதைச் சொடுக்கினால், கணினி தன் நாட்குறிப்பைப் போல எழுதி வைத்திருக்கும் நீண்ட பட்டியல் தெரியும். புதியவருக்கு அது மிரட்சியைத் தரலாம். சிவப்புக் குறிகளும் மஞ்சள் குறிகளும் நல்ல கணினியிலும் ஏராளமாக இருக்கும், அவற்றைக் கண்டு பயப்பட வேண்டாம். நமக்கு வேண்டியவை மூன்றே எண்கள். 1074 என்பது முறையான அணைப்பு. எந்த நிரல், எந்தப் பயனரின் பெயரில் கேட்டுக்கொண்டது என்பதும் அதிலேயே இருக்கும். 6008 என்பது, முந்தைய அணைப்பு எதிர்பாராதது என்று சொல்லி, அது நடந்த நேரத்தையும் தரும். 41 என்பது ‘கெர்னல்-பவர்’ என்ற பெயருடன், கணினி முறையாக அணையாமல் மறுபடி துவங்கியது என்று சொல்லும்.

இந்த 41-ஐப் பலர் கோளாற்றின் பெயராகவே எடுத்துக்கொள்கிறார்கள். அது காரணத்தைச் சொல்வதில்லை; அடுத்த முறை கணினி எழும்போது, ‘நேற்று நான் முறையாகத் தூங்கப் போகவில்லை’ என்று விண்டோஸ் எழுதிக்கொள்ளும் குறிப்பு மட்டுமே அது. ஆனால் அதன் ‘டீட்டெயில்ஸ்’ பகுதியில் ‘பக்செக் கோட்’ என்றொரு வரி உண்டு. அங்கே 0 அல்லாத எண் இருந்தால் நீலத்திரை விழுந்திருக்கிறது. 0 என்றே இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கு எதையும் எழுதி வைக்க அவகாசமே கிடைக்கவில்லை, அதாவது கரண்ட் அறுந்திருக்கிறது. நீலத்திரையைப் படிக்கும் முன் மறைந்துவிடுகிறதென்றால், ‘அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்’ பகுதியில் ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி’ என்பதற்குள் ‘ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்’ என்ற டிக் குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை அப்படியே நிற்கும், கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளலாம்.

இதற்கடுத்த சோதனையை நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன். கணினியை ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையைத் தட்டி, விண்டோஸ் எழுவதற்கு முன் மதர்போர்டே காட்டும் பயாஸ் என்ற அமைப்புத் திரைக்குள் போய், அங்கேயே ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் இல்லை, ஆன்டிவைரஸ் இல்லை, டிரைவர் இல்லை. பயாஸ் திரையிலிருக்கும்போதே கணினி அணைந்துவிட்டால் கோளாறு மென்பொருளில் இல்லை என்பது உறுதி. அதன் பிறகு விண்டோஸை ஃபார்மட் செய்வதற்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். அணையாமல் நின்றால் கணினி நல்லது என்று முடிவுகட்டவும் முடியாது, ஏனென்றால் பயாஸில் கிராபிக்ஸ் கார்டுக்கும் வட்டுக்கும் அவ்வளவாக வேலை இல்லை.

சுவர், யுபிஎஸ், பவர் கார்டு

என் சித்தப்பாவின் ஜெராக்ஸ் கடையில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். அங்கிருந்த கணினி ஒரு நாளைக்கு நான்கைந்து முறை அணைந்துகொண்டிருந்தது. நான் போவதற்கு முன்பே ரேம் மாற்றியாயிற்று, விண்டோஸ் இரண்டு முறை புதிதாக ஏற்றியாயிற்று. ஒரு நோட்டு போட்டு எழுதச் சொன்னேன். மூன்று நாள் கழித்துப் பார்த்தால் பத்துப் பதிவுகளிலும் பிரிண்ட் என்ற சொல் இருந்தது. அதுவும் வரிசையாக அச்சடிக்கும்போது அல்ல, கடையில் கூட்டம் இல்லாமல் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, அடுத்து வரும் முதல் ஆளுக்கு அச்சடிக்கும்போது. லேசர் பிரிண்டர் சும்மா இருக்கும்போது உறங்கிவிடும். எழுப்பினால் மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளையைச் சூடாக்கச் சில நொடிகளுக்கு மின் அடுப்பைப் போல நூற்றுக்கணக்கான வாட் இழுக்கும். அந்தப் பிரிண்டரையும் கணினியையும் ஒரே 600 விஏ யுபிஎஸ்ஸில் செருகியிருந்தார்கள். அந்த அளவு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்டுக்கு மேல் தாங்காது. பிரிண்டர் இழுத்த இழுப்பில் அழுத்தம் தாழ்ந்தது, யுபிஎஸ் ‘டக்’கென்று பேட்டரிக்கு மாறியது, நான்கு வருடப் பழைய பேட்டரி படுத்துவிட்டது. பிரிண்டரைத் தனியாகச் சுவர் பாயிண்ட்டுக்கு மாற்றி, யுபிஎஸ்ஸுக்கு 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்று வாங்கிப் போட்டதும் அணைவது நின்றுவிட்டது.

அதனால் கேபினெட்டைத் திறப்பதற்கு முன் வெளியே இருப்பவற்றை முடித்துவிடுங்கள். யுபிஎஸ் இருந்தால் அதை விலக்கிவிட்டு, கணினியை நேராகச் சுவர் பாயிண்ட்டில் செருகி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அணைவது நின்றால் யுபிஎஸ்தான் காரணம். யுபிஎஸ்ஸின் பேட்டரியைச் சோதிக்க ஒரு பாதுகாப்பான வழி உண்டு: ஆறேழு மணி நேரம் சார்ஜ் ஏற்றி, கணினியைப் பயாஸ் திரையில் நிறுத்திவிட்டு, சுவர் ஸ்விட்சை அணையுங்கள். பயாஸில் எந்தக் கோப்பும் திறந்திருக்காது என்பதால் அணைந்தாலும் இழப்பில்லை. சில நிமிடமாவது தாங்க வேண்டும். உடனே அணைந்தால் பேட்டரி முடிந்துவிட்டது. இவ்வகை ஈய அமில பேட்டரிகள் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுகளில் வலுவிழந்துவிடும், சென்னை, மதுரை வெயிலில் இன்னும் சீக்கிரமாகவே.

வீட்டு இன்வெர்ட்டரில் கணினி ஓடுகிறதென்றால் அதன் பின்புறமோ முன்புறமோ ‘யுபிஎஸ்’ என்றும் ‘நார்மல்’ அல்லது ‘ஈகோ’ என்றும் குறித்த ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் இடைவெளியைக் கணினியின் எஸ்எம்பிஎஸ் தன் கெப்பாசிட்டர்களில் தேக்கிய மின்சாரத்தைக் கொண்டு ஏறக்குறைய 16 மில்லிநொடி மட்டுமே ஈடுகட்டும். ‘நார்மல்’ நிலையில் மாறும் நேரம் அதைவிடக் கூடுதலாக இருக்கலாம். மின்விளக்கு லேசாகக் கண்சிமிட்டுவதோடு போகும், கணினியோ அணைந்துவிடும். கரண்ட் போகும்போது மட்டும் அணைகிற கணினிகள் பலவற்றுக்கு அந்த ஸ்விட்சை ‘யுபிஎஸ்’ பக்கம் தள்ளுவதே மருந்து.

பிறகு பவர் கார்டு, அதாவது சுவரிலிருந்து வரும் மின்கம்பி. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்புறம் செருகும் முனை தளர்ந்திருந்தால், மேசையில் முழங்கை இடித்தாலே கணினி அணையும். கணினி பயாஸில் நிற்கும்போது அந்த முனையை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு பவர் கார்டின் விலை குறைவு, மானிட்டருக்கும் பெரும்பாலும் அதே வகைக் கார்டுதான் என்பதால் இரண்டையும் மாற்றிச் செருகியே சோதிக்கலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிளக் செருகும் இடம் சூடாக இருந்தாலோ, கறுத்திருந்தாலோ, ‘சர்ர்’ என்று மெல்லிய சத்தம் கேட்டாலோ அதை அன்றே தூக்கிப் போட்டுவிடுங்கள்; அது கணினிப் பிரச்சினை என்பதைத் தாண்டித் தீப்பிடிக்கும் பிரச்சினை. கேபினெட்டின் உலோகப் பகுதியைத் தொட்டால் சுரீரென்று இருக்கிறதென்றால் அந்தப் பாயிண்ட்டில் எர்த் இல்லை. அதை எலக்ட்ரீஷியனை அழைத்துச் சரிசெய்த பிறகே மற்ற வேலைகளைத் தொடருங்கள்.

தண்ணீர் மோட்டார், ஏசி, மிக்சி ஓடத் தொடங்கும்போது அணைகிறதா என்பதை நோட்டு சொல்லும். அப்படியானால் அந்த நேரத்தில் வோல்டேஜ் தாழ்கிறது என்று சந்தேகிக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றின் பின்புறம் 115, 230 என்று எழுதிய சிவப்பு ஸ்விட்ச் ஒன்று இருக்கும். வோல்டேஜ் குறைவாக வருகிறதே என்று அதை 115 பக்கம் தள்ளிவிடாதீர்கள். அடுத்த நொடியே எஸ்எம்பிஎஸ் வெடித்துப்போகும்.

வெப்பம்

ஆன் செய்து இருபது நிமிடத்தில் அணைகிறது. உடனே போட்டால் ஐந்து நிமிடத்திலேயே அணைகிறது. மதியச் சாப்பாட்டுக்குப் போய்வந்து போட்டால் மறுபடி இருபது நிமிடம் ஓடுகிறது. இந்தக் கணக்கு நோட்டில் தெரிந்தால் வெப்பம்தான். புராசஸர் தன் எல்லையை நெருங்கும்போது முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இது பல புராசஸர்களில் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் அருகே நடக்கும். அதற்கும் அடங்காமல் ஏறினால், தான் கருகுவதற்கு முன் மின்சாரத்தையே நிறுத்தச் சொல்லும். இது கோளாறல்ல, காப்பாற்றும் ஏற்பாடு. கணினி அணைவதற்கு முன் சில நிமிடங்கள் மந்தமாக இருந்தது என்ற குறிப்பு இதற்கு நல்ல சாட்சி.

பயாஸில் ‘ஹார்டுவேர் மானிட்டர்’ என்ற பகுதியில் வெப்பநிலை தெரியும். விண்டோஸில் பார்க்க ‘எச்டபிள்யூ மானிட்டர்’, ‘கோர் டெம்ப்’ போன்ற இலவச நிரல்கள் உண்டு. வேலை இல்லாத நேரத்தில் 35 முதல் 55 டிகிரிக்குள் இருந்தால் நம் ஊர் வெயிலுக்கு அது இயல்பு. பயாஸ் திரையில் மின்சேமிப்பு அவ்வளவாக இயங்காததால் அங்கே சற்றுக் கூடுதலாகக் காட்டும். சும்மா இருக்கும்போதே 75, 80 என்று காட்டினால், புராசஸரைக் குளிர்விக்கும் விசிறியும் தகடுகளும் சேர்ந்த கூலரைத் திறந்து பார்க்க வேண்டியதுதான். அறை வெப்பம் 28 டிகிரியிலிருந்து 38-க்கு ஏறினால் உள்ளேயும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். தை மாதத்தில் ஒழுங்காக ஓடிய கணினி சித்திரையில் அணையத் தொடங்குவதற்கு இதுவே காரணம்.

அதற்கு முன் கணினி மேசையைப் பாருங்கள். கேபினெட்டை வைப்பதற்கென்று பக்கவாட்டில் கதவோடு ஓர் அறை செய்து, பின்புறம் சுவரோடு ஒட்டி நிற்கும் மேசைகள் அழகாக இருக்கின்றன. ஆனால் பின்புறம் வெளியேறும் சூடான காற்று போக வழியில்லாமல் முன்புறமாகவே திரும்ப உள்ளே இழுக்கப்படுகிறது. கேபினெட்டை வெளியே எடுத்து, பின்புறம் ஒரு சாண் இடம் விட்டு, தூசிக்காகப் போட்ட துணி உறையை ஓடும்போது எடுத்துவிட்டு, இரண்டு நாள் கவனியுங்கள். இதற்குச் செலவே இல்லை.

அடுத்து சுத்தம் செய்தல். சுவர் ஸ்விட்சை அணைத்து, பவர் கார்டைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினெட்டை மொட்டைமாடிக்கோ வாசலுக்கோ கொண்டுபோய், பின்புறத் திருகுகளைக் கழற்றிப் பக்கப் பலகையை இழுங்கள். உள்ளே கை வைக்குமுன் கேபினெட்டின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிடுங்கள். வாக்குவம் கிளீனர் நிலைமின்சாரத்தை உண்டாக்கும் என்பதால் அது வேண்டாம். காற்றூதும் பிளோயரும் காய்ந்த பெயின்ட் பிரஷும் போதும். ஊதும்போது விசிறி இறக்கைகளை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், அதிவேகமாகச் சுழன்றால் விசிறியின் பேரிங் கெடும். மேலிருந்து பார்த்தால் விசிறி சுத்தமாகவே தெரியும். விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில்தான் தூசி கம்பளித் துண்டைப் போல அடர்ந்து உட்கார்ந்திருக்கும். விசிறியைத் தனியாகக் கழற்ற முடிந்தால் கழற்றி, அந்தப் படலத்தை எடுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் என் வீட்டுக் கணினியே இப்படி அணைந்தபோது, தூசி எல்லாம் எடுத்தும் 90 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. புராசஸரோடு சேர்ந்தே வரும் வட்டமான கூலர் அது. நான்கு மூலைகளிலும் பிளாஸ்டிக் கால்கள் மதர்போர்டின் துளைகளில் அழுந்தி நிற்க வேண்டும். டார்ச் அடித்துப் பார்த்தபோது மூன்று கால்கள் சரியாக இருந்தன. நான்காவது கால், விரல் நகம் நுழையும் அளவுக்கு மேலே எழும்பியிருந்தது. கூலரை விரலால் தட்டினால் அந்த மூலை ஆடியது. வீடு மாறும்போது கேபினெட்டைப் படுக்கவைத்து வண்டியில் ஏற்றியதில் கழன்றிருக்க வேண்டும். புராசஸரின் வெப்பத்தைக் கூலருக்குக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது. அதைத் துடைத்து, புதிய பேஸ்ட்டை ஒரு மிளகளவு நடுவில் வைத்து, நான்கு கால்களையும் எதிரெதிர் மூலையாக ‘கிளிக்’ என்று கேட்கும்வரை அழுத்தினேன். 48 டிகிரிக்கு இறங்கியது.

கூலரைக் கழற்றுவதற்கு முன் கணினியைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள், பேஸ்ட் இளகியிருக்கும். அடியில் முள்வரிசை கொண்ட புராசஸர்களில் கூலரை நேராக மேலே இழுத்தால் புராசஸரும் ஒட்டிக்கொண்டு சாக்கெட்டிலிருந்து பிடுங்கி வந்து முட்கள் வளைந்துவிடும். இடவலமாக மெல்லத் திருகி ஒட்டுவிட்ட பிறகே தூக்குங்கள். கழற்றினால் புதிய பேஸ்ட் கட்டாயம், கையில் பேஸ்ட் இல்லாமல் கழற்றாதீர்கள். இந்த வேலையில் கை நடுங்குமானால் கடையில் கொடுத்துச் செய்துகொள்வதில் தவறில்லை.

எஸ்எம்பிஎஸ்

விளையாட்டோ வீடியோ எடிட்டிங்கோ தொடங்கிய சில நொடிகளில் அணைகிறது, ஆனால் அணைவதற்கு முன் வெப்பநிலை 60, 65 டிகிரியைத் தாண்டவில்லை. இவை இரண்டும் சேர்ந்து எஸ்எம்பிஎஸ்ஸைக் கைகாட்டுகின்றன. ‘ஓசிசிடி’, ‘பிரைம்95’ போன்ற நிரல்கள் புராசஸருக்கும், ‘ஃபர்மார்க்’ கிராபிக்ஸ் கார்டுக்கும் முழுச் சுமை கொடுக்கும். வெப்பநிலை காட்டும் நிரலைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் 95-ஐ நெருங்கினால் உடனே நிறுத்துங்கள்.

எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டு அட்டையை ஒரு முறையேனும் படித்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் 450 வாட் என்றிருக்கும். கீழே சிறிய எழுத்தில், 12 வோல்ட் வரிசைக்கு 14 ஆம்பியர் என்று இருந்தால் அதன் உண்மையான வலு 12-ஐ 14-ஆல் பெருக்கினால் வரும் 168 வாட்தான், ஏனென்றால் இன்றைய புராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட் வரிசையிலிருந்தே எடுக்கின்றன. கிராபிக்ஸ் கார்டு இல்லாத அலுவலகக் கணினிக்கு அது போதும். ஆனால் கிராபிக்ஸ் கார்டு தன் ஸ்லாட்டிலிருந்து 75 வாட், ஆறு முள் இணைப்பு இருந்தால் அதிலிருந்து இன்னொரு 75, எட்டு முள் என்றால் 150 வாட் வரை எடுக்கக்கூடியது. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸில் அப்படியொரு கார்டைப் பூட்டினால் கணினி அணையாமல் இருந்தால்தான் வியப்பு.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், உபயோகப்படாமல் தொங்கும் நான்கு முள் இணைப்பில், கறுப்புக்கும் மஞ்சளுக்கும் நடுவில் 12, கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில் 5 வோல்ட் வருகிறதா என்று கணினி சுமையோடு ஓடும்போது அளக்கலாம். ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம்; அதாவது 11.4 முதல் 12.6 வரையும், 4.75 முதல் 5.25 வரையும் சரி. மல்டிமீட்டரில் எல்லாம் சரியாக இருந்தும், கண்ணிமைக்கும் நேரத்துக்கு மட்டும் தாழ்ந்து எழும் கோளாறு அதில் தெரியாமல் போகலாம். நிச்சயமாகத் தெரிந்துகொள்ள, நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸைத் தெரிந்தவரிடம் இரண்டு நாள் இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்பதே வழி.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளேயுள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். அது உயிரைப் பறிக்கக்கூடிய அளவு. உள்ளே பல்லி செத்துக் கிடக்கும் நாற்றம் வந்தாலும், விசிறி சுற்றாவிட்டாலும், பெட்டியோடு மாற்றுவதுதான் முறை.

இவையெல்லாம் சரியாக இருந்தால்

பவர் பொத்தானை நான்கு நொடி அழுத்திப் பிடித்தால் கணினி அணைந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. பொத்தான் உள்ளே சிக்கிக்கொண்டால், ஆன் செய்த சில நொடிகளில் தானே அணைவதற்கும் அதுவே காரணமாகும். கணினி ஓடத் தொடங்கியதும், மதர்போர்டின் மூலையில் ‘பவர் ஸ்விட்ச்’ என்று எழுதிய சிறு இணைப்பை மட்டும் மெல்ல உருவி எடுத்துவிட்டுப் பாருங்கள். அணையாமல் ஓடினால் பொத்தானைச் சுத்தம் செய்தால் போதும். உருவும்போது பக்கத்து முட்களில் உலோகம் எதுவும் படக் கூடாது.

முன்புற யுஎஸ்பி துளைக்குள் டார்ச் அடித்து, உள்ளே தகடு வளைந்து ஒன்றோடொன்று உரசுகிறதா என்று பாருங்கள். பென் டிரைவ் செருகும்போது மட்டும் அணைகிற கணினிகளில் இதுதான் கோளாறு. மதர்போர்டிலிருந்து அந்த யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கிவிட்டால் உறுதியாகும். மதர்போர்டுக்குக் கீழே திருகாணி ஏதும் விழுந்து கிடக்கிறதா என்பதையும், பழைய போர்டுகளில் நீளுருளை வடிவக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, பழுப்பாகக் கசிந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். உப்பியிருந்தால் போர்டை மாற்றுவதா, கெப்பாசிட்டரை மட்டும் மாற்றித் தரும் சர்வீஸ் ஆளைத் தேடுவதா என்பது போர்டின் வயதைப் பொறுத்தது.

ரேம் கெட்டால் பெரும்பாலும் நீலத்திரையோ மறுதுவக்கமோதான் வரும், நேராக அணைவது அரிது. ரேமைக் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை வெள்ளை அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மறுபடி இரு பக்கமும் ‘கிளிக்’ என்று அமரும்படி அழுத்துங்கள். பிறகு விண்டோஸிலேயே உள்ள ‘மெமரி டயக்னாஸ்டிக்’ சோதனையை இரவில் ஓடவிடலாம். மதர்போர்டில் உள்ள வட்டமான 3 வோல்ட் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால் தேதியும் நேரமும் தவறும். கணினி அணைவதற்கு அதைக் காரணமாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள்.

எதிலும் பிடிபடவில்லையென்றால், கிராபிக்ஸ் கார்டு, வட்டுகள், முன்புறக் கேபிள்கள் எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, மதர்போர்டு, புராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ் ஆகியவற்றோடு மட்டும் பயாஸில் நிறுத்திப் பாருங்கள். புராசஸரிலேயே காட்சி வசதி இல்லாத கணினிகளில் கார்டை விட்டுவைக்க வேண்டியிருக்கும். இந்த நிலையில் இரண்டு மணி நேரம் நின்றால், விலக்கியவற்றை நாளுக்கு ஒன்றாகத் திரும்பச் சேருங்கள். எதைச் சேர்த்த அன்று அணைகிறதோ அதுதான். இந்த நிலையிலும் அணைந்தால், எஸ்எம்பிஎஸ்ஸை முன்பே மாற்றிப் பார்த்திருக்கிறீர்கள் என்றால், பெரும்பாலும் மதர்போர்டுதான்.

அப்போது கடைக்குப் போகலாம். ‘அடிக்கடி ஆஃப் ஆகுது’ என்று மட்டும் சொல்லாமல் நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள். பயாஸிலேயே அணைகிறது, வெப்பம் இத்தனை டிகிரி, யுபிஎஸ் இல்லாமலும் அணைகிறது, வேறு எஸ்எம்பிஎஸ் போட்டும் அணைகிறது என்று நான்கு வாக்கியம் சொன்னால், நல்ல சர்வீஸ் ஆள் அந்த நிமிடமே உங்கள் பக்கம் திரும்புவார். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள்.

பழுது நீங்கி வீட்டுக்கு வந்ததும் வட்டைச் சோதித்துவிடுங்கள்: ‘திஸ் பிசி’யில் சி டிரைவை வலது சொடுக்கி, ‘ப்ராபர்ட்டீஸ்’, ‘டூல்ஸ்’ வழியாக ‘எரர் செக்கிங்’ ஓட்டலாம். கடைக் கணக்கு, பில் போடும் மென்பொருள் வைத்திருப்பவர்கள், கணினி கடைசியாக அணைந்த நேரத்தை 6008 குறிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு முன்பும் பின்பும் போட்ட பில்கள் வரிசை எண் விடாமல் இருக்கின்றனவா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.